சிம்மாசனத்தை வெளியே தூக்கிய சனிக்கிழமை

2012ஆம் வருடம், மெல்பர்னில் குளிர் தொடங்குகிற சமயம். ஃபுட்ஸ்கிரேயில் ஒரு பழைய சமூகக்கூடம். கூடம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நானும் என்னோடு வேலை செய்கிற தம்பியும் ஒரு சிம்மாசனத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடுவழியில் நடந்தோம். இப்போது நினைத்தாலும் உள்ளங்கை குறுகுறுக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் இந்தத் தமிழனுக்கும் இதில் வரப்போகிற மணிப்பூர் ராஜா வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். நான் பிறந்தது மோரே. மணிப்பூரில் பர்மா எல்லையை ஒட்டிய சின்ன ஊர். பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்களில் சிலர் தமிழ்நாட்டில் பிழைக்க முடியாமல், காடு மலை தாண்டி மறுபடியும் பர்மாவுக்கே போகப் பார்த்தார்கள். எல்லையில் தடுத்துவிட்டார்கள். திரும்பிப் போகவும் தெம்பில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். அப்படி உண்டான தெரு ஒன்றில்தான் எங்கள் வீடு. வீட்டில் தமிழ், தெருவில் மணிப்பூரி, கடையில் இந்தியும் பர்மிய மொழியும். ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அப்புறம் இம்பால் லாரியில் கிளீனர், இம்பாலில் ஒரு டீக்கடை, கௌஹாத்தி, சென்னை, ஒரு கப்பலின் சமையலறை, மலேசியா. எந்த ஊரும் என்னை நீண்ட நாள் வைத்துக்கொண்டதில்லை, நானும் கேட்டதில்லை. கடைசியில் ஒரு ஹோட்டலில் சமைக்க மெல்பர்ன் வந்தேன். அந்த ஹோட்டலையும் மூடிவிட்டார்கள்.

அப்போது எனக்கு வேலை கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து அன்ரி. சன்ஷைன் பக்கம் வீடு. கல்யாணம், சாமத்தியவீடு என்கிற மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள் என்று தமிழர் வீட்டு விசேஷங்களுக்கு மணவறை ஜோடித்துக் கொடுப்பார். தூண், திரை, பூ, விளக்கு எல்லாம் அவருடைய கராஜில் இருக்கும். அதற்கு நடுவில் ஒரு கட்டில். அது என்னுடையது. கட்டிலுக்குப் பக்கத்தில்தான் அந்தச் சிம்மாசனம் நிற்கும். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். சிவப்பு வெல்வெட், தங்கப் பூச்சு, கைப்பிடி இரண்டிலும் வாய் திறந்த சிங்கம். உள்ளே பார்த்தால் ஒட்டுப்பலகையும் பஞ்சும்தான், ஆனாலும் கனம். காலையில் கண் விழித்தால் எனக்கு முதலில் தெரிவது அந்தச் சிங்கத்தின் பல்.

என்னோடு வேலை செய்த தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் படகில் வந்தவன். வழக்கு முடியாமல் தற்காலிக விசாவில் இருந்தான். எதற்கும் பதற மாட்டான். சிம்மாசனத்தை வேனில் ஏற்றும்போதெல்லாம், "அண்ணை, படகில வரேக்க இவ்வளவு பாரம் இருந்திருந்தா அண்டைக்கே கடலுக்குள்ள தாண்டுபோயிருப்பம்" என்பான். அன்ரி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டேய் மணிப்பூர்" என்பதுதான் என் பெயர்.

மணிப்பூரே என்னைத் தேடி வந்தது ஃபுட்ஸ்கிரே மார்க்கெட்டில். ஒரு பெண் கருவாட்டுப் பாக்கெட்டை மோந்து பார்த்து, "இதைக் கருவாடுன்னு சொன்னா மீனுக்கே கோபம் வரும்" என்று போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மணிப்பூரியில். பல வருடமாக என் காதில் விழாத மொழி. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இச்சே, பக்கத்துக் கடை பர்மாக்காரரோடது. அங்க நம்ம ஊர்ல கிடைக்கிற மாதிரியே இருக்கு" என்றேன். இச்சே என்றால் அக்கா.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மோரே தமிழனா?"

"எப்படித் தெரிஞ்சது?"

"இந்த மூஞ்சிக்குள்ள இந்த மொழி வேற எங்க இருந்து வந்திருக்கும்?"

இச்சே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் இல்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவையாவது அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு. மெல்பர்னில் மணிப்பூர்க் குடும்பங்கள் கொஞ்சம்தான். அவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்த வருடம் ஒரு எழுத்தாளர் நினைவாக நிகழ்ச்சி நடத்த முடிவு செய்திருந்தார்கள். மணிப்பூர் ராஜாவின் மகளாகப் பிறந்தவர். முந்தின வருடம்தான் காலமாகியிருந்தார்.

இச்சே அவர் பெயரைச் சொன்னதும் யாரென்று எனக்குத் தெரிந்தது, இம்பாலில் அந்தப் பெயரைக் கேட்காதவர் இல்லை. அவர் எழுதிய ஒரு வரியும் நான் படித்ததில்லை. மணிப்பூரி எழுத்து எனக்குக் கடைப் பலகை வாசிக்கிற அளவுக்குத்தான் தெரியும். ஆனால் இம்பால் டீக்கடையில் ரேடியோ நாடகம் ஓடும்போது யாராவது டீ கேட்டால் முதலாளி பேசாமல் கையைக் காட்டி உட்காரச் சொல்லுவார். நாடகம் முடிந்த பிறகுதான் அடுப்பில் பால் ஏறும். அதில் சில நாடகங்கள் அவர் எழுதியவை என்பது இச்சே சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டே நானும் கேட்டிருக்கிறேன்.

"கதை எழுதினாங்க, நாடகம், பாட்டு, சினிமாவுக்குக் கதை எல்லாம் எழுதினாங்க" என்றார் இச்சே. "அரண்மனையில இருக்கிற பொண்ணு மனசுல என்ன இருக்குன்னு வெளியில இருந்த நமக்கு யார் சொன்னது? அவங்கதான். அதோட நிக்கலை. வெளியே வந்து நம்மள மாதிரி ஆளுங்க மனசையும் எழுதினாங்க. எங்கம்மாவுக்கு ராஜாவைப் பிடிக்காது. அவங்களைப் பிடிக்கும்."

ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து இச்சேவே உட்கார்ந்து ஒரு சின்ன நாடகம் எழுதியிருந்தார். அரண்மனையில் ஒரு பெண் பிறக்கிறாள், வளர்கிறாள், படிக்கிறாள். கடைசிக் காட்சியில் சிம்மாசனத்தைவிட்டு எழுந்து, படியிறங்கி, ஜனங்களுக்குள் நடந்துபோகிறாள். நிஜத்திலும் இப்படித்தான் நடந்ததா என்று கேட்டேன்.

"நாடகத்துல இப்படி. நிஜத்துல ஒரு மனுஷி வெளியே வர்றதுக்கு வருஷக்கணக்கா ஆகும். மேடையில எனக்கு அரைமணி நேரம்தான் குடுத்திருக்காங்க."

அந்த இளவரசி வேடத்துக்கு இச்சே நினைத்திருந்தது மகளை. அங்கேதான் சிக்கல். அம்மா மணிப்பூரியில் கேட்பார், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அது அவர்கள் வீட்டு வழக்கம். "நடிக்கிறியா?" என்று கேட்டதற்கு, "நோ வே, மம்மி" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். அவள் மாடிக்குப் போன பிறகு இச்சே சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "நான் பேசறது எல்லாம் அவளுக்குப் புரியுது. திருப்பி ஒரு வார்த்தை வராது. இந்த வயசோட விட்டா அப்புறம் எப்பவும் வராது. எனக்குப் பிறகு இந்த வீட்டுல அந்த மொழியைப் பேச ஆள் இல்ல." அழவில்லை. காய்ச்சல் எவ்வளவு என்று சொல்கிற நர்ஸ் குரலில்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு அது மறக்கவில்லை.

நாடகத்துக்கு ஒரு நல்ல நாற்காலி வேண்டும் என்று ஒருநாள் தாயும் மகளும் எங்கள் கராஜுக்கு வந்தார்கள். இச்சே சிங்கத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "நம்ம ஊர் அரண்மனைச் சிங்கம் இப்படியா இருக்கும்? இது பால் திருட வந்த பூனை." மகள் சிரிக்கவில்லை. மெதுவாகப் போய் நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு சிங்கத்தின் தலையிலும் கையை வைத்தாள். போனை என்னிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னாள். பிறகு, "ஓகே. ஐ வில் டூ இட். பட் ஒன்லி வித் திஸ் சேர்" என்றாள்.

இச்சே என்னைப் பார்த்த பார்வையில், நான் அன்ரியின் காலில் விழவும் தயாராக இருந்தேன். அதற்கு அவசியம் வரவில்லை.

"ஆரடா அந்த இளவரசி?" என்று அன்ரி கேட்டார்.

"ராஜா மக அன்ரி. ஆனா அரண்மனையோட இருந்துடாம வெளியே வந்து கதையெல்லாம் எழுதினாங்க."

"அரண்மனையை விட்டுப்போட்டுக் கதை எழுதினவாவோ? சரியான விசர்." விசர் என்றால் பைத்தியம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பூ கட்டினார். "நல்ல விசர்தான். நாடகம் நடக்கிற சனிக்கிழமை எங்களுக்கு வேலை இல்லை, கொண்டு போ. ஞாயிறு டார்னெய்ட்டில எழுத்து. அதுக்கு முதல் சிங்கத்தின்ர பல்லுக்கூட மினுங்க வேணும்."

எழுத்து என்றால் கல்யாணப் பதிவு. யாழ்ப்பாணத்து வீடுகளில் தாலி கட்டுவதற்கு முன்னால் வீட்டிலேயே சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுப் பதிவுக்காரரை வரவழைத்துச் செய்வார்கள்.

இச்சேவின் மகள் அதன்பிறகு இரண்டு வாரம் வசனம் படித்தாள். பாதி வசனம் வந்தது, பாதி வரவில்லை. கடைசிக் காட்சியில் எழுந்து சொல்கிற வசனம் மட்டும் அவளுக்குச் சுத்தமாக மனப்பாடம் ஆகிவிட்டது. "இந்த ஆசனம் என் அப்பா எனக்குக் கொடுத்தது. போகிற வழி நான் தேடிக்கொள்வது. இதை எடுத்துக்கொண்டு போங்கள், எனக்கு உங்கள் நடுவில் ஒரு பாய் போதும்." இச்சே எழுதிய வசனம். வீட்டில் தட்டைக் கழுவும்போதுகூட அவள் அதை முணுமுணுக்கிறாள் என்று இச்சே என்னிடம் போனில் சொன்னார். அவர் குரலில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சிம்மாசனத்தைக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். நாற்காலிகள் போடுவதற்கு முன்பே முன்வாசல் இரட்டைக் கதவு வழியாக உள்ளே எடுத்து, மேடையில் ஏற்றிவைத்தோம். மேடைக்குப் பின்னால் இருந்த கதவு ஒற்றைக் கதவு. சிங்கம் ஒன்றுகூட அதில் நுழையாது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை, எல்லாம் முடிந்த பிறகுதானே வெளியே எடுக்கப்போகிறோம்.

ஜனம் வர ஆரம்பித்தது. மணிப்பூர்க் குடும்பங்கள், அவர்களுடைய அக்கம்பக்கத்தார், இச்சேவோடு வேலை பார்க்கிற நர்ஸுகள். பெண்கள் பெட்டியிலிருந்து எடுத்த பனேக் கட்டியிருந்தார்கள். இடுப்பில் சுற்றிக் கட்டுகிற, கரை வைத்த உடை அது. கூடம் முழுக்கக் கற்பூர உருண்டை வாசனை. மேடை ஓரத்தில் அந்த எழுத்தாளரின் படம், கண்ணாடி போட்ட முகம். இச்சேவின் மகள் ஒப்பனை முடித்து, தோளில் மெல்லிய வெள்ளைச் சால்வையோடு நின்றாள். நிஜமாகவே ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி இருந்தாள்.

அந்த நேரத்தில் என் போன் அடித்தது.

"டேய் மணிப்பூர், எங்கயடா நிக்கிறாய்?"

"ஃபுட்ஸ்கிரே அன்ரி. இன்னும் ஆரம்பிக்கலை."

"ஆரம்பிக்க வேண்டாம். கதிரையை ஏத்து. எழுத்து நாளைக்கில்லையாம், இண்டைக்கு."

கதிரை என்றால் நாற்காலி, அன்ரி சொன்னது சிம்மாசனத்தை. நடந்தது இதுதான். யாழ்ப்பாணத்தில் பஞ்சாங்கம் இரண்டு வகை. ஒன்றில் நல்ல நேரம் என்று இருப்பது மற்றதில் அப்படி இருக்காது. பெண் வீட்டார் ஒன்றைப் பார்த்து ஞாயிறு காலை என்று வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் கனடாச் சொந்தக்காரர்கள் அன்றைக்குத்தான் போன் பண்ணி, எங்கள் பஞ்சாங்கப்படி ஞாயிறு கூடவே கூடாது, சனிக்கிழமை பொழுதுபடுவதற்குள் முடியுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். பதிவுக்காரரும் சரி என்றுவிட்டார். சமையலை முன்னால் தள்ளிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிம்மாசனம் மட்டும் இளவரசியிடம் இருந்தது.

"அன்ரி, ஒரு மணி நேரம் மட்டும்..."

"ஒரு மணித்தியாலமோ? கல்யாணப் பொம்பிளை உடுத்து வெளிக்கிட்டு நிக்கிறா. அவவை நான் குசினிக் கதிரையிலயே இருத்துறது? இவ்வளவு காலமா சொன்ன சொல்லுக்கு நான் பிந்தினதில்லை. இப்ப கதிரை வரவேணும். வராட்டி நாளைக்கு நீயும் வரத் தேவையில்லை." குரல் கொஞ்சம் தணிந்தது. "உன்னில பிழை இல்லை எண்டு எனக்குத் தெரியும். என்னிலயும் பிழை இல்லை. கெதியா வா."

என் வேலையும் கட்டிலும் ஒரே கராஜில் இருந்தன. அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. எத்தனையோ கட்டிலை விட்டாயிற்று. அன்ரி சொன்ன வார்த்தை தவறக் கூடாதே என்பதும் இருந்தது. இந்தப் பக்கம் சால்வையைச் சரிசெய்துகொண்டு, வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். இச்சேவைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நீங்க சொல்லுங்க இச்சே. வேணாம்னா அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். வேற ஊர் பார்த்துக்கலாம். எனக்கு அது பழக்கம்தான்."

இச்சே மேடையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "ஒரு நாற்காலிக்காக நீ ஊரை விட்டுப் போவியா? அங்க ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு உட்காரணும். எடுத்துட்டுப் போ" என்றார். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், எல்லாம் கேட்டிருக்கிறாள். "தென் ஐம் அவுட்" என்றாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டாள். இச்சே அவள் பின்னால் போகவில்லை. நடுக் கூடத்தைப் பார்த்தபடி நின்றார். எல்லோரும் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. விளக்கைக்கூட யாரோ அணைத்துவிட்டார்கள். மேடையில் மட்டும் வெளிச்சம்.

பின்கதவில் நுழையாது. ஒரே வழி நடுவழி. நானும் தம்பியும் வேலைக்குப் போடுகிற ஜீன்ஸும் பெயிண்ட் கறை பட்ட சட்டையுமாக மேடையில் ஏறினோம். கூடம் அமைதியாகிவிட்டது. "அண்ணை, சனம் பாத்துக்கொண்டு நிக்குது. என்ன செய்யிறது?" என்றான் தம்பி. "தூக்கு, குனிஞ்சே போயிடலாம்" என்றேன். மேடையிலிருந்து இறக்கி, முதல் வரிசையைத் தாண்டி, பாதிக் கூடம் வந்தோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு அவமானமாக எதையும் தூக்கினதில்லை. பக்கவாட்டில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது. வெறுங்கால். திரும்பிப் பார்த்தால் இச்சேவின் மகள். எங்கள் முன்னால் வந்து நின்று, கையைத் தரையை நோக்கிக் காட்டினாள். இறக்கு என்று அர்த்தம். என்னவென்று யோசிக்காமல் இறக்கிவிட்டோம். அவள் ஏறி நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு சிங்கத்தின் தலையிலும் கையை வைத்தாள்.

தம்பிக்குத்தான் நிலைமை புரியவில்லை. குனிந்து, நல்ல யாழ்ப்பாணத் தமிழில், மெதுவாகக் கெஞ்சினான்: "தங்கச்சி, எழும்பும். அன்ரி எங்களைக் கொல்லப்போறா."

கூடத்தில் யாருக்கும் அது புரியவில்லை. அரண்மனைச் சேவகன் ஏதோ கெஞ்சுகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவள் எழுந்தாள். மேடையில் எழுந்திருப்பதாக ஒத்திகை பார்த்த அதே மாதிரி, மெதுவாக, ஒரு கையை மட்டும் ஊன்றி. பிறகு அந்த வசனத்தை முழுதாகச் சொன்னாள். மணிப்பூரியில், ஒரு சொல்லிலும் தடுமாறாமல். "இந்த ஆசனம் என் அப்பா எனக்குக் கொடுத்தது. போகிற வழி நான் தேடிக்கொள்வது. இதை எடுத்துக்கொண்டு போங்கள்." அந்த இடத்தில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். மிச்சத்தைச் சுற்றியிருந்த ஜனங்களைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு உங்கள் நடுவில் ஒரு பாய் போதும்."

சொல்லிவிட்டுத் தரையில், வெறும் பலகைத் தரையில், உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. தூக்குவதற்காக ஏற்கெனவே குனிந்துதான் இருந்தேன், இன்னும் கொஞ்சம் குனிந்தேன். "உத்தரவு, சிஜா" என்றேன் மணிப்பூரியில். ராஜா வீட்டுப் பெண்ணை அப்படித்தான் அழைப்பார்கள். இம்பாலில் சின்ன வயதில் பார்த்த முற்றத்து நாடகங்களில் வருகிற வார்த்தை. தூக்கினோம். அந்த நேரத்தில் சிம்மாசனத்துக்குக் கனமே இல்லை. நாங்கள் வாசலை நோக்கி நடக்க நடக்க, இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக ஜனம் எழுந்து நின்றது. கைதட்டல் வாசல்வரை எங்கள் கூடவே வந்தது. ஒரு வயதான மனிதர் சிங்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாசலில் இச்சே நின்றிருந்தார். இரண்டு கையாலும் கதவைத் திறந்து பிடித்திருந்தார். கண் நிறைந்திருந்தது. நான் நிற்கவில்லை.

சிம்மாசனத்தை ஏற்றிவிட்டு வேனில் உட்கார்ந்தோம். தம்பி பெல்ட் போட்டுக்கொண்டே கேட்டான்: "அண்ணை, இப்ப நான் நடிச்சனானோ?"

"ஆமா."

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஆனா கை தட்டினவை."

"உனக்குத்தான் அதிகம்."

"பாருங்கோ. இந்த நாட்டில எனக்குக் கிடைச்ச முதல் வரவேற்பு." டார்னெய்ட் வரைக்கும் அவன் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு சிக்னலும் எங்களைக் கண்டு சிவப்பானது. அன்ரியின் போன் நின்றபாடில்லை. நான் எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேனோ சிரித்துவிடுவேனோ என்று எனக்கே தெரியவில்லை.

டார்னெய்ட் வீட்டு வாசலில் பட்டுச் சேலையோடு அன்ரி நின்றிருந்தார். "எங்கயடா போய்த் துலைஞ்சனீங்கள்" என்று தொடங்கினார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார். ஹாலில் எல்லோரும் காத்திருந்தார்கள். பதிவுக்காரர் பேனாவோடு நின்றார். சிம்மாசனத்தை வைத்தோம், மணப்பெண் வந்து உட்கார்ந்தாள், ஒரு படம் எடுத்தார்கள். கனடாச் சொந்தக்காரர்களும் கம்ப்யூட்டர் திரையில் திருப்தியாகத் தலையாட்டினார்கள். பொழுது படவில்லை.

அப்போதுதான் அன்ரி சிங்கத்தின் வாயைப் பார்த்தார். பல்லில் ஒரு வெள்ளைச் சால்வை மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இது ஆற்ற சால்வை?"

நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி சொன்னான்: "இளவரசின்ர, அன்ரி."

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சால்வையை மடித்து எடுத்துக்கொண்டு இச்சே வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது மகள். வாங்கிக்கொண்டாள். பிறகு, "தாமோ, உள்ள வாங்க, உட்காருங்க" என்றாள். தாமோ என்றால் அண்ணன். மணிப்பூரியில் சொன்னாள். உச்சரிப்பு எங்கெங்கோ வளைந்தது, ஆனால் அந்த வசனத்தைத் தவிர அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் மணிப்பூரி அதுதான். சமையலறையில் இச்சே கரண்டியை வைத்துவிட்டு அப்படியே நின்றதை நான் பார்த்தேன்.

நாங்கள் போன பிறகு நடந்ததை இச்சே சொன்னார். மேடைப் பக்கம் யாரும் போகவே இல்லையாம். நாற்காலிகளை இழுத்து வட்டமாகப் போட்டுக்கொண்டார்கள். எங்கள் ஊர் முற்றத்து நாடகம் மாதிரி, நாலு பக்கமும் ஜனம், நடுவில் நடிப்பு. கடைசிக் காட்சி முதலில் முடிந்துவிட்டதால் அங்கிருந்து பின்னோக்கி அந்த எழுத்தாளரின் குழந்தைப் பருவம்வரை போனார்கள். மகள் வசனம் மறந்தபோதெல்லாம் உட்கார்ந்திருந்த பெண்கள் எடுத்துக் கொடுத்தார்கள். அவர் எழுதிய பாட்டை எல்லோருமே பாடினார்கள். கூடத்துச் சாவியை வாங்க வந்த ஆளைக்கூட உட்காரவைத்துவிட்டார்களாம். நான் அதில் ஒன்றும் பார்க்கவில்லை. எனக்குக் கிடைத்தது அந்த ஒரு காட்சி.

கிளம்பும்போது அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஏன் ஓடிவந்து உட்கார்ந்தாய்?

"ஐ வாஸ் மேட்" என்றாள். கோபம்தானாம். போவதற்குள் ஒரு தடவை உட்கார்ந்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியதாம். உட்கார்ந்த பிறகு எல்லோரும் தன்னையே பார்த்தார்கள், எப்படி எழுந்திருப்பது என்று தெரியவில்லை, எழுந்திருப்பதற்குத் தன்னிடம் இருந்தது அந்த ஒரு வசனம்தான் என்றாள். இதை அவள் பாதி ஆங்கிலத்திலும் பாதி மணிப்பூரியிலும் சொன்னாள்.

அதன்பிறகும் நான் அந்தச் சிம்மாசனத்தை எத்தனையோ வீடுகளுக்குத் தூக்கிப் போயிருக்கிறேன். பிறகு வழக்கம்போல மெல்பர்னையும் விட்டு சிட்னி வந்துவிட்டேன். நான் விட்டு வந்த ஊர்களில் எல்லாம் கிளம்புவது என்றால் பின்வாசல், அவசரம், கையில் ஒரு பை. கிளம்புவதற்கு வேறு விதமும் உண்டு என்று நான் கண்டது அந்தக் கூடத்தில்தான். அங்கே வெளியே போனது சிம்மாசனம், இளவரசி ஜனங்களோடு தரையில் இருந்துகொண்டாள். நான் ஒரு பக்கமும் படிக்காத அந்த ராஜகுமாரியின் புத்தகங்களில் என்ன எழுதியிருக்கிறதோ எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கும் ஒரு புது ஊரில் புது அறைக்குள் பையை இறக்கி வைக்கும்போது, இங்கே யார் நடுவில் போய் உட்காரலாம் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.